உப்பின் சூட்டில் வெந்த கேக்கு

சுனாமி வந்த மறுவருஷம் மழை விடாமல் பெய்தது. மரக்காணத்து உப்பளங்களில் ஐப்பசி பிறந்தால் வேலை நின்றுவிடும். தை கழிந்து வெயில் ஏறிய பிறகுதான் தரை இறுக மறுபடி பாத்தி மிதிப்பார்கள். அந்த வருஷம் புரட்டாசியிலேயே வானம் இருட்டிக்கொண்டது. பாத்திகளெல்லாம் ஒரே ஏரியாகி, கீற்று போட்டு மூடிய உப்புக் குவியல்கள் மட்டும் தண்ணீருக்கு நடுவில் நின்றன. அப்பா வாசலில் குந்தி அதையே பார்த்துக்கொண்டிருப்பார். பார்க்கப் பார்க்க அவருக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் டீ கேட்பார். டீ போட அம்மா வீட்டில் இருக்கமாட்டாள்.

அம்மா குயிலாப்பாளையத்தில் வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அறைகளைப் பெருக்கித் துடைக்க வேண்டும், சமையல்கட்டில் காய் நறுக்கிக் கொடுக்க வேண்டும், பாத்திரம் தேய்க்க வேண்டும். பஸ்ஸில் போய் பெரிய முதலியார்சாவடியில் இறங்கி, அங்கிருந்து உள்ளே நடக்க வேண்டும். திரும்பி வர விளக்கு வைக்கும் நேரமாகிவிடும். ஆரம்பத்தில் விடியுமுன் எழுந்து எங்களுக்குச் சமைத்து வைத்துவிட்டுத்தான் போனாள். ஒருநாள் பஸ்ஸில் நின்றபடியே தூங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிக் கோட்டக்குப்பம் போய்விட்டாள். சாயங்காலம் வந்து அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அப்பா சிரிக்கவில்லை.

"நாளையிலேர்ந்து சோறு நான் பாத்துக்கறேன்" என்றார்.

அப்பா உப்பளத்தில் பிறந்து வளர்ந்தவர். உப்பைக் கூடையில் அள்ளிப் பழக்கமே தவிர, விரல் நுனியில் எடுத்துப் பழக்கமில்லை. அவர் வைத்த முதல் குழம்பை வாயில் வைத்த தம்பி என் முகத்தைப் பார்த்தான். நான் அப்பா முகத்தைப் பார்த்தேன். அப்பா தானும் ஒரு வாய் சாப்பிட்டார், எழுந்து போனார், குழம்புச் சட்டியில் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றிக் கலக்கிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல வந்து உட்கார்ந்தார். மறுநாள் சோறு அடிப்பிடித்தது. அதற்கு மறுநாள் ரசத்தில் புளி கரைக்க மறந்துபோனார்.

ஆனால் பிடிவாதக்காரர். தீபாவளி வெடிச்சத்தம் ஓய்வதற்குள் அவருடைய கருவாட்டுக் குழம்புக்கு நாங்கள் மறுசோறு வாங்க ஆரம்பித்திருந்தோம். மழைக்கு இதமாகச் சுய்யம் சுட்டார். பூரணம் வெளியே பிதுங்காமல் உருண்டைகள் எண்ணெயில் புரள்வதை அவராலேயே நம்ப முடியாமல், ஒவ்வொன்றையும் கரண்டியால் தட்டித் தட்டிப் பார்த்தார். அவித்த மரவள்ளிக்கிழங்கை மசித்து வெல்லப்பாகும் தேங்காய்ப்பூவும் போட்டு ஒரு பண்டம் கிளறினார். அதற்கு ஊரில் பெயர் கிடையாது. தம்பி அதற்கு 'இன்னும்' என்று பெயர் வைத்தான். அவன் அதைக் கேட்கும்போதெல்லாம் அந்தச் சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

இவ்வளவும் சாத்திய கதவுக்குப் பின்னால் நடந்தது. ஆம்பளை அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறான் என்று தெரிந்தால், அடுத்த பருவம் முழுக்க உப்பளத்தில் அதுதான் பேச்சாக இருக்கும். "யாரு கேட்டாலும் அம்மா சமைச்சி வெச்சிட்டுப் போயிடுதுன்னு சொல்லு" என்று அப்பா எனக்குச் சொல்லியிருந்தார். அவர் ஒன்றை யோசிக்கவில்லை. காலையில் பஸ் ஏறிப்போன அம்மா சாயங்காலம் நாலரை மணிக்கு எப்படிக் கடுகு தாளிப்பாள்? எங்கள் கூரை கீற்றுக்கூரை. வாசனை தெருவுக்கே போனது.

பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் கேட்டேவிட்டார். "ஏம்மா, ஒங்கூட்ல சாயங்காலத்துல யாரு கொழம்பு வெக்கறது?"

சாயங்காலம் அம்மா என்று சொல்ல முடியாது. "நான்தான்" என்றேன்.

அன்றிலிருந்து எனக்கு நல்லகாலம் பிறந்தது. அஞ்சாவது படிக்கும் பிள்ளை வீட்டையே தாங்குகிறது என்று குழாயடி முழுக்கப் பேச்சு. ஒரு கிழவி என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் விரல்களை நெரித்துத் திருஷ்டி கழித்தார். தெருவிலிருந்த மற்ற பெண்பிள்ளைகளுக்கு என்னால் திட்டு விழுந்தது. வீட்டுக்கு வந்து சொன்னால் அப்பா வயிறு குலுங்கச் சிரிப்பார். "ஒழைக்கறது நானு, பேரு ஒனக்கா?" என்று கேட்டுவிட்டு, இன்னும் உற்சாகமாக மிளகாயைத் தட்டிப் போடுவார்.

கேக்கு இதற்கு நடுவில் வந்து சேர்ந்தது.

அதுவரை கேக்கு என்பது எங்களுக்குக் கடையில் விற்கும் பொருள். பேக்கரியில் கண்ணாடிக்குப் பின்னால், ரோஜாப்பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதை ஒருவர் வீட்டில் செய்ய முடியும் என்பது அம்மா சொல்லித்தான் தெரிந்தது. கெஸ்ட் ஹவுஸில் கேக்கு வேகவைக்கும் ஓவன் ஒன்று இருந்தது. அம்மா அதைச் சூட்டுப்பொட்டி என்பாள். அதில் அநேகமாகத் தினமும் ஏதாவது ஒரு கேக்கு வேகும். சாயங்காலம் அம்மா வந்து பையை இறக்கியதும் அப்பா ஆரம்பிப்பார்.

"இன்னிக்கி எப்பிடிப் பண்ணாங்க?"

"மொதல்ல வெண்ணையும் சக்கரையும் போட்டு அடிக்கறாங்க. நெறம் வெளுத்துப் போற வரைக்கும். அப்புறம் ஒவ்வொரு முட்டையா."

"மாவு எந்தப் பதம்?"

"தோசமாவுக்கும் கெட்டி. கரண்டியத் தூக்குனா பட்டையா உழுவுது."

"தீ கீழ மட்டுமா?"

"தீயே கண்ணுக்குத் தெரியல. சுத்தியும் சூடு. மேலயும்தான்."

இப்படிப் போகும். அம்மாவும் அப்பாவும் சண்டை போடாமல் அவ்வளவு நேரம் பேசி நான் அதற்கு முன்பு கேட்டதில்லை.

சூட்டுப்பொட்டிக்கு என்ன செய்வது என்று அப்பா சில நாள் யோசித்தார். கடைத்தெருவில் வேர்க்கடலை வறுப்பவர் சட்டியில் மணலைக் காயவைத்து, அந்தச் சூட்டில் கடலையைப் புரட்டி எடுப்பார். மணல் சூட்டைப் பிடித்துவைத்து எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கொடுக்கும், கடலை கருகாது. மணலுக்குப் பதில் உப்பு போட்டால் என்ன என்று அப்பாவுக்குத் தோன்றியது. எங்கள் வீட்டில் எது இல்லாவிட்டாலும் உப்பு இருக்கும். கொல்லைப்பக்கத்தில் மூட்டையாகச் சாய்த்து வைத்திருந்தோம்.

அலுமினியக் குண்டானில் உப்பைப் பரப்பினார். அதன் நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, கிண்ணத்தின் மேல் கேக்கு மாவு ஊற்றிய பெரிய டிபன் பாக்ஸை வைத்து, மூடி போட்டு அடுப்பில் ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் குண்டானுக்குள் சரவெடி வெடித்தது. மழைக்காலத்து உப்பு, ஈரம் கோத்திருந்திருக்கிறது. கல் கல்லாகப் பொரிந்து, மூடியில் மோதி, மாவுக்குள் விழுந்தது. தம்பி அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடினான். அந்தக் கேக்கை ஒரு கோழி கொத்திப் பார்த்துவிட்டுத் தண்ணீர் தேடிப் போனது.

அடுத்த தடவை உப்பை முதலில் நன்றாக வறுத்து, பொரிவது அடங்கிய பிறகு டிபன் பாக்ஸை வைத்தார். அடி கருகி, மேலே மாவாகவே இருந்தது. அதற்கு அடுத்த தடவை, பிரியாணிக்குத் தம் போடுவதுபோல மூடியின் மேலும் சவுக்குக்கட்டைத் தணலை அள்ளி வைத்தார். கேக்கு உப்பி எழுந்தது. அதைப் பார்த்த சந்தோஷத்தில் அப்பா மூடியைத் திறந்து திறந்து எங்களுக்குக் காட்டினார். எழுந்த கேக்கு அதே வேகத்தில் நடுவில் குழிந்து உட்கார்ந்துவிட்டது. ஓரத்தை மட்டும் பிய்த்துத் தின்றோம். ஓரம் நன்றாக இருந்தது.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய மாமா வந்தார். அம்மாவின் அண்ணன், கீழ்புத்துப்பட்டில் டிராக்டர் வைத்திருந்தார். அம்மாவைத் தோளில் தூக்கி வளர்த்தவர். எங்கள் வீட்டில் எந்த நல்லது கெட்டதும் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்த பிறகுதான் நடக்கும். அன்றைக்கு உட்காராமல் நின்றபடியே பேசினார்.

"பச்சப்புள்ளைய அடுப்பாண்ட உட்டுட்டு நீ அங்க போயி தட்டு கழுவிக்கினு இருக்கியா? பாப்பாதான் வீட்ல சமைக்குதாம். எங்க ஊரு வரைக்கும் பேச்சு வந்துடுச்சி."

குழாயடியில் எனக்குக் கிடைத்த பேர் கீழ்புத்துப்பட்டு போய்ச் சேருவதற்குள் அம்மாவின் மேல் குற்றமாகத் திரும்பியிருந்தது.

மாமா எல்லாவற்றையும் யோசித்து முடித்துவிட்டுத்தான் வந்திருந்தார். பொங்கலோடு அம்மா வேலையை விட்டுவிட வேண்டும். செங்கல்பட்டுப் பக்கத்தில் தெரிந்தவருடைய சூளையில் அப்பாவுக்கு வேலை சொல்லி வைக்கிறார். அம்மாவும் தம்பியும் கீழ்புத்துப்பட்டுக்கு வந்து இருக்கட்டும். என்னைத் திண்டிவனத்தில் ஹாஸ்டலில் சேர்த்துவிடலாம். "கிறிஸ்மஸுக்கு வர்றேன். பேசி முடிவு பண்ணிடலாம்" என்றார்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா மழையைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கப் போனேன். அம்மா என் தோளைப் பிடித்து அழுத்தினாள். மாமா போய்விட்டார்.

அதற்குப் பிறகு சில நாள் வீட்டில் சமையல் நடந்தது, பேச்சு நடக்கவில்லை. அப்பா என்ன கேக்கு என்று கேட்பதில்லை, அம்மாவும் சொல்வதில்லை. ஹாஸ்டலில் காலையில் கஞ்சிதான் தருவார்கள் என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தி சொல்லியிருந்தாள். நான் தம்பியிடம் என் சிலேட்டுப் பலகையை அப்போதே கொடுத்துவிட்டேன். ஒரு சாயங்காலம் அம்மா பையை இறக்கிவிட்டு, யாரையும் பார்க்காமல், "இன்னிக்கி முந்திரி போட்டாங்க" என்றாள்.

அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு, "வறுத்தா, பச்சையாவா?" என்று கேட்டார்.

கிறிஸ்மஸ் அன்று சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும் அம்மா புதுப்புடவையோடு வேலைக்குக் கிளம்பினாள். அன்றைக்குத்தான் அங்கே விருந்தாளிகள் அதிகம், வராமல் இருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். மூன்று மணிக்குள் வந்துவிடுவாள். மாமாவும் அத்தையும் அதற்கு மேல்தான் வருவார்கள். அதற்குள் அப்பா கோழிக்குழம்பும் கேக்கும் செய்து வைத்துவிடுவார், அம்மா வந்து அதையெல்லாம் தான் செய்ததாகச் சொல்லிக்கொள்வாள். இதுதான் ஏற்பாடு. கேக்கு செய்யத் தெரிந்த பொம்பளையை மாமா எதுவும் சொல்லமாட்டார் என்று அப்பா நினைத்தார்.

அப்பா புதுச்சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். உப்பு வறுபட்டது. தம்பி சர்க்கரையை இடித்துக் கொடுத்தான், பாதி அவன் வாய்க்குள் போனது. நான் முந்திரி உடைத்தேன். வெண்ணெய் வெளுக்கும் வரை அப்பா அடித்தார். உப்பு வாரும் கை, வலியென்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. மாவு கரண்டியிலிருந்து பட்டையாக விழுந்தது. டிபன் பாக்ஸைக் குண்டானுக்குள் இறக்கி, மூடி, மேலே தணலைப் பரப்பிவிட்டு, அப்பா கைகழுவக் கொல்லைக்குப் போனார். அப்போது கதவு தட்டப்பட்டது.

திறந்தால் மாமாவும் அத்தையும் மழையில் நனைந்து நிற்கிறார்கள். மழை வலுக்கப் போகிறதென்று முன்கூட்டியே கிளம்பி வந்துவிட்டார்களாம்.

"அம்மா எங்க?"

"வேலைக்கு."

"கிறிஸ்மஸ் அன்னிக்குமா?" என்று கேட்டபடி மாமா உள்ளே வந்தார். எங்கள் வீடு ஒரே அறை. அடுப்பு எரிவது தெரிந்தது. "அடுப்புல இன்னா பாப்பா?"

"கேக்கு."

"யாரு வெச்சது?"

பழக்கதோஷத்தில், "நான்தான்" என்றேன்.

மாமா திட்டவில்லை. என் பக்கத்தில் குந்தி, இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். சுட்ட தழும்பு தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அவர் கண்கள் சிவந்திருந்தன. "ஒங்கப்பன் எங்கியோ சீட்டு ஆடிக்கினு இருப்பான்" என்று முனகிவிட்டு எழுந்தார். "மொதல்ல இத எறக்கணும்" என்று துணியை எடுத்துக்கொண்டு குண்டானின் மூடியைப் பிடித்தார்.

"தொடாதீங்க மச்சான்."

அப்பா கொல்லைக்கதவில் நின்றிருந்தார். மாமா வந்ததைக் கேட்டுவிட்டு அங்கேயே ஒதுங்கி நின்றிருந்திருக்கிறார். அப்படியே மழையில் நழுவிப் போயிருக்கலாம். போயிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் மூடி திறந்தால் கேக்கு உட்கார்ந்துவிடும்.

"இப்ப தொறந்தா நடுவுல அமுங்கிப் பூடும்" என்றார் அப்பா. பிறகு உள்ளே வந்து, அடுப்புக்கும் மாமாவுக்கும் நடுவில் நின்றுகொண்டார். மேலே சட்டை இல்லை. முழங்கை வரை மாவு. "நான்தான் வெச்சிருக்கேன். பாப்பா ஒரு நாளும் நெருப்பாண்ட போனதில்ல. ஐப்பசியிலேர்ந்து இந்த வீட்ல சோறு கொழம்பு எல்லாம் நான்தான். பாப்பா எனக்காகச் சொல்லிக்கினு இருந்துச்சி. நான் சொல்லச் சொன்னேன்."

மாமா கையில் துணியோடு நின்றார். அத்தைதான் முதலில் பேசினார்.

"கோழிக்கொழம்பும் நீங்களா அண்ணே?"

"ஆமாம்மா."

அத்தை சட்டியைத் திறந்து ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். இன்னொரு சொட்டு விட்டுக்கொண்டார்.

"ஒக்காருங்க மச்சான்" என்றார் அப்பா. "வெந்தா வாசன மாறும். அது வரைக்கும் ஒண்ணும் பண்ண முடியாது."

எல்லாரும் உட்கார்ந்தோம். வெளியே மழை கொட்டியது.  முதலில் முட்டை வாசனை வந்தது, பிறகு வெண்ணெய் வாசனை, அப்புறம் அவை இரண்டுமே இல்லாத ஒரு வாசனை எழுந்து கூரை வரை நிறைந்தது. மாமா மூக்கை உறிஞ்சியதை நான் பார்த்தேன். அப்பா இடுக்கியால் தணலை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுவிட்டு மூடியைத் திறந்தார்.

கேக்கு டிபன் பாக்ஸின் விளிம்புக்கு மேலே எழும்பி, நடுவில் லேசாக வெடித்து, பொன்னிறமாக நின்றது. தென்னங்குச்சியைச் செருகி எடுத்தார். குச்சியில் மாவு ஒட்டவில்லை. ஆறவைத்துத் தட்டில் கவிழ்த்தபோது கேக்கு வரவில்லை. அப்பா அடியில் ஒரு தட்டு தட்டினார். வரவில்லை. தம்பி கண்ணை மூடிக்கொண்டான். இன்னொரு தட்டுக்கு, பொத்தென்று, ஒரு விள்ளல்கூட உதிராமல் முழுசாக இறங்கியது.

முதல் துண்டை அப்பா மாமாவிடம் கொடுத்தார். மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முகர்ந்து, வாயில் வைத்தார். சூளை, ஹாஸ்டல், கீழ்புத்துப்பட்டு எல்லாம் அவருடைய தாடையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. மென்று விழுங்கினார்.  கையை நீட்டி, கேட்காமலே இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டார். அதையும் தின்றுவிட்டு அத்தையிடம், "நீயும் கேட்டு வெச்சிக்கோ, எப்பிடிப் பண்றதுன்னு" என்றார்.

"நான் எதுக்கு?" என்றார் அத்தை. "கலியாணம் ஆனதிலேர்ந்து வடிச்சிக் கொட்டிக்கினுதான் இருக்கறேன். நீங்க கேட்டு வெச்சிக்கோங்க. அண்ணன் சொல்லித் தருவாரு."

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கேக்குத்தூள் புரையேறி, நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு என் தலையில் கைவைத்து, "ஹாஸ்டல்ல இதெல்லாம் போடமாட்டாங்க பாப்பா" என்றார். முடிவு அவ்வளவுதான். அப்புறம் அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

அத்தைக்கு அதோடு மனசு ஆறவில்லை. ஒரு தட்டில் துண்டு போட்டு, மழை விட்டதும் பக்கத்து வீட்டுக்கு எடுத்துப்போய், இது யார் செய்தது தெரியுமா என்று ஆரம்பித்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் எங்கள் வாசலில் கூட்டம். குழாயடிப் பெண்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாலும் கேக்கை வாங்கிக்கொண்டார்கள். உப்பளத்து ஆட்கள் இரண்டு மூன்று பேர் வந்தார்கள். "இன்னாபா, சமையக்காரனாயிட்ட" என்று ஒருவர் இழுத்தார்.

"ஒனக்குத் துண்டு வேணுமா வேணாமா?" என்று கேட்டார் அப்பா. அவர் வாங்கிக்கொண்டார். தின்று முடித்து, தன் வீட்டுக்காரிக்கு ஒன்று கேட்டார். அப்பா அப்போது புதுச்சட்டை போட்டிருந்தார். வாசலின் நடுவில், நன்றாக நிமிர்ந்து நின்று, கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் ஒரே அளவாக வெட்டிக் கொடுத்தார். பாத்தியில் உப்பு விளைந்து முதல் தடவை வார நிற்கும்போதுகூட அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

அம்மா வந்தபோது கூட்டம் கலைந்திருந்தது. மாமா பாயில் உட்கார்ந்து, அப்பா பரிமாறிய கோழிக்குழம்பை இரண்டாவது தடவையாகச் சோற்றில் பிசைந்துகொண்டிருந்தார். அப்பா குனிந்து, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க மச்சான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா பையோடு கதவருகே வந்து நின்றாள். அண்ணனைப் பார்த்தாள், அப்பாவின் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள், மாவு காய்ந்து ஒட்டியிருந்த அவர் முழங்கையைப் பார்த்தாள். உள்ளே வரவில்லை. திரும்பி வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

அவளுக்கென்று எடுத்துவைத்த துண்டைத் தூக்கிக்கொண்டு நான் பின்னாலேயே ஓடினேன். அம்மா தொட்டியடியில் நின்று, சொம்பு சொம்பாகத் தண்ணீர் மொண்டு காலில் ஊற்றிக்கொண்டிருந்தாள். காலில் சேறே இல்லை. இருந்தாலும் ஊற்றினாள். முகத்திலும் தண்ணீரை அடித்துக்கொண்டாள், மறுபடி காலில் ஊற்றினாள்.

"அம்மா, கேக்கு. நடுவுல அமுங்கவே இல்ல" என்றேன்.

"வர்றேன், நீ போ" என்றாள், திரும்பாமல்.

பஸ்ஸுக்கு அவ்வளவு தூரம் நடந்ததில் கால் எரிகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். துண்டை எறும்பு மொய்க்காமல் ஒரு கிண்ணத்தால் மூடி வைத்துவிட்டு, மாமா எலும்பு கடிப்பதை வேடிக்கை பார்க்க உள்ளே ஓடினேன்.